தோள்சீலையும் மணக்கோலமும்

வெளிமாநிலங்களிற் குடியேறி வாழும் தமிழ் மக்கட்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு திருமண அழைப்புகளேனும் அயல்மொழி பேசும் நண்பர் இல்லங்களிலிருந்து வருதல் உண்டு. அழைப்பைக் கையில் வாங்கியவுடன் வீட்டில் எழும் முதற் கேள்வி, “என்ன உடுத்துச் செல்வது?” என்பதுதான். நம்மூர் மணவீடாயின் இக்கேள்விக்கு இடமில்லை. பெட்டியிலுள்ள பட்டுப் புடவையும் சரிகை வேட்டியும் தாமே விடை சொல்லிவிடும். அயலார் மணவீடாயின் அவ்வளவு எளிதன்று. நமக்கு மங்கலமாகத் தோன்றுவது அவர்கட்கு மிகையாகத் தோன்றலாம். அவர்கட்கு மங்கலமாய் இருப்பது நமக்கு ஐயத்தைத் தரலாம்.

இவ்வையம் மிகுதியாக எழும் இடங்களுள் ஒன்று, கேரளத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரமாகும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருவழியில் களியக்காவிளையைக் கடந்தால் மாநில எல்லை. அதனை அடுத்துப் பாறசாலை. மேலும் வடமேற்கே சென்றால் நெய்யாற்றின் கரையில் அவ்வாற்றின் பெயரையே தாங்கிய ஊர். இங்குள்ள சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். உறவினர்கள் எல்லையின் இருபுறமும் வாழ்கின்றனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரையில் இங்கே மாநில எல்லை என்பதே இல்லை. அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அரசு எல்லைக்கல் நாட்டிற்று. பெண் கொடுப்பதும் பெண் எடுப்பதும் அந்தக் கல்லைக் கண்டு நின்றுவிடவில்லை.

இத்தகைய மணவீட்டிற்குள் நுழையும் தமிழ் விருந்தினர் முதலிற் காண்பது வெண்மை. அழுக்கற்ற பாலின் நிறமுடைய நூலாடை. அதன் ஓரத்தே ஒரு விரலோ இரு விரலோ அகலமுள்ள பொற்சரிகை. மலையாள மொழியில் அச்சரிகைக் கரைக்குக் கசவு என்று பெயர். மகளிர் இடையில் ஒரு முண்டும், அதன்மேல் தோளை மறைத்து நேரியது என்னும் மற்றொரு துணியும் அணிவர். தமிழ்நாட்டிற் பல குடும்பங்களில் வெள்ளைப் புடவை என்றால் கைம்மையின் அடையாளம் என்று மூத்தோர் கருதி வந்தனர்; ஆதலின் மங்கல நிகழ்ச்சிக்கு வெள்ளை உடுத்தச் சொன்னால் நம் பாட்டியர் திடுக்கிடுவர். மலையாள நாட்டிலோ வெண்மையே மங்கலம். ‘கோடி’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டே இவ்வேறுபாட்டினை உணரலாம். தமிழிலும் மலையாளத்திலும் புதுத்துணிக்குக் கோடி என்று பெயர். நாமோ இறந்தார்க்குக் கோடி போடுதலை நினைந்து, அச்சொல்லைச் சற்றுத் தயங்கியே வழங்குகிறோம். அங்கே ஓணத்திற்குக் குழந்தைகள் ஆவலோடு எதிர்பார்ப்பது ஓணக்கோடி.

இன்னும் ஆழ்ந்து நோக்கினால், துணியே அங்குத் திருமணத்தின் உயிராக இருந்தமை புலனாகும். நாயர் குலத்தார் மணமுறைக்குப் புடவைகொடை என்பது பெயர். விளக்கின் முன்னர் மணமகன் மணமகளுக்கு ஆடையை அளிப்பான், அவள் அதனை ஏற்பாள், அதுவே மணம். நம்முடைய கூறைப்புடவையும் இதனோடு உறவுடையதே. ஆடையைக் கொடுத்தலும் ஏற்றலும் உடன்பாட்டின் அறிகுறியாக நின்றமை இரு நாட்டிற்கும் பொதுவாகும்.

இனி, இந்த வெள்ளாடை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்திற்கும் இடையே பாலராமபுரம் என்னும் நெசவூர் உள்ளது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மரின் பெயரால் அமைந்தது இவ்வூர். அவர் காலத்தில் திவானாக இருந்த உம்மிணித் தம்பி, அரண்மனைக்கு வேண்டிய நுண்ணிய ஆடைகளை நெய்வதற்காகத் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை வருவித்து இங்கே குடியேற்றினார். குழித்தறியில் அமர்ந்து, கையால் நாடாவை எறிந்து நெய்வது இவர்கள் முறை. பாவினைத் தெருவில் நீளமாக விரித்து, கஞ்சி பூசி, தூரிகையால் நீவிப் பதப்படுத்துவர். இவ்வாறு நெய்த துணியின் முகப்பும் பின்புறமும் ஒன்றுபோலவே தோன்றும். பாலராமபுரத்துச் சேலைகளும் நுண்ணாடைகளும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. கேரளத்தின் மணக்கோலம் என்று உலகோர் போற்றும் ஆடையைப் பல தலைமுறைகளாக நெய்துவருவோர், வெளிநாட்டிற் குடியேறிய தமிழரின் வழித்தோன்றல்கள் என்பது, வெளிமாநிலத் தமிழர்கள் பெருமையுடன் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியாகும்.

ஆயினும் இப்பெருமைக்குள் ஒரு துயரக்கதை அடங்கியுள்ளது. இவ்வளவு நுண்ணிய ஆடை நெய்யப்பட்ட அதே வட்டாரத்தில், அதனைத் தோளில் இட்டுக்கொள்ளும் உரிமை மக்களுட் பெரும்பாலார்க்கு இல்லாதிருந்தது.

பழைய திருவிதாங்கூரில் ஆடை என்பது உடலை மறைக்கும் துணி மட்டுமாக இருக்கவில்லை. பிறப்பால் வகுக்கப்பட்ட படிநிலையைக் கண்ணெதிரே காட்டும் பலகையாகவும் இருந்தது. உயர்ந்தோர் எனப்பட்டவர் முன்னிலையில் மேலாடையை அகற்றி நிற்றல் பணிவின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. நாயர் மகளிரும் கோயில் முன்னரும் அந்தணர் முன்னரும் அம்முறைக்கு உட்பட்டே இருந்தனர். படியின் கீழே செல்லச் செல்ல இந்தப் பணிவு ஒரு வேளைக்குரிய வழக்கமாக இராமல் வாழ்நாள் முழுமைக்கும் உரிய விதியாக இறுகியது. நாடார், ஈழவர், புலையர், பறையர் முதலிய குலத்து மகளிர் இடுப்புக்கு மேல் ஆடை அணிதல் தகாது என்றனர். நாடார் மக்கள் குடை பிடித்தல், காலில் செருப்பு அணிதல், பொன் நகை பூணுதல், மாடி வைத்து வீடு கட்டுதல் ஆகியன விலக்கப்பட்டன. அவர்தம் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் செல்லவும் தடை இருந்தது. மணநாளிலேனும் இவ்விதி தளர்ந்திருக்கும் என்று நாம் விரும்பலாம். ஆனால் பலர் கூடி நோக்கும் இடத்திலேதான் படிநிலையைக் காட்டும் விதிகளுக்கு வேலை மிகுதி என்பதை மறத்தலாகாது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலை அசையத் தொடங்கிற்று. 1806-இல் ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியப் பாதிரியார் இலண்டன் மிஷன் சார்பில் தென் திருவிதாங்கூரில் பணி தொடங்கினார். அவர்க்குப் பின் வந்தோர் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பாறசாலையிலும் பள்ளிகளையும் வழிபாட்டுக் கூடங்களையும் அமைத்தனர். மார்த்தா மால்ட் அம்மையார் 1821-ஆம் ஆண்டளவில் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பின்னல் வேலை கற்பித்தார். ஊசியும் நூலும் கையில் வந்த பெண்கள் தம் உடலை மறைக்கும் சட்டையைத் தாமே தைத்துக்கொள்ளக் கற்றனர். அச்சட்டைக்குக் குப்பாயம் என்று பெயர்.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கூர்ந்து கவனித்தல் வேண்டும். வழக்கு குப்பாயத்தைப் பற்றியது மட்டுமன்று. தைத்த சட்டை ஒன்று. அதன்மேல் தோளின் குறுக்கே இடும் சீலை மற்றொன்று. 1814-இல் கர்னல் மன்றோ பிறப்பித்த ஆணை, மதம் மாறிய கிறித்தவப் பெண்கள் சிரியன் கிறித்தவரும் மாப்பிள்ளைமாரும் அணிவது போன்ற குப்பாயத்தை அணிய இசைவளித்தது, தோள்சீலைக்கு இசைவளிக்கவில்லை. ஏனெனில் தோள்சீலை நாயர் முதலிய உயர்குலத்து மகளிரின் அடையாளம். உடலை மறைக்கலாம், ஆனால் உயர்ந்தோரைப் போலத் தோன்றலாகாது என்பதே அவ்வாணையின் உட்கருத்து. பெண்களோ குப்பாயத்தோடு நின்றுவிடவில்லை. அதன்மேல் சீலையையும் இட்டனர். 1822-இலும் பின்னர் 1827 முதல் 1829 வரையிலும் கலகங்கள் மூண்டன. சந்தைகளிலும் வழிகளிலும் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. 1829 பிப்ரவரி 3-ஆம் நாள் ராணி கௌரி பார்வதிபாயி வெளியிட்ட அறிக்கை, குப்பாயத்தை ஏற்றுத் தோள்சீலையை மறுத்தது.

முப்பது ஆண்டுகள் சென்றன. 1855-இல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. நேற்று வரை அடங்கியிருந்தோர் நிமிர்ந்து நடக்கக் கண்டவர்களின் சினம், மீண்டும் பெண்களின் ஆடைமீதே பாய்ந்தது. 1858-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தென் திருவிதாங்கூரில் பெருங்கலகம் எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் திவான் மாதவராவ், பழைய வழக்கங்களை அரசின் இசைவின்றி எவரும் மீறலாகாது என்று அறிவித்தார். அதனால் கலகக்காரர்கள் அடங்கவில்லை; ஊக்கமே பெற்றனர். 1859 ஜனவரியில் வீடுகள் கொள்ளையிடப்பட்டன. வழிபாட்டுக் கூடங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. அக்காலத்தில் இப்பகுதியிற் பணியாற்றிய ஜான் ஆப்ஸ் தம் 22 ஆண்டு அனுபவங்களை 1870-இலும், சாமுவேல் மேட்டீர் திருவிதாங்கூரைப் பற்றிய தம் நூலை 1871-இலும் வெளியிட்டனர். அந்நாளைய மக்களின் வாழ்க்கை நிலையை ஆராய்வோர் இன்றும் அந்நூல்களை நாடுகின்றனர்.

சென்னை ஆளுநராக 1859-இல் பொறுப்பேற்ற சர் சார்லஸ் டிரெவெல்யன் இந்நிலையைப் பொறுக்கவில்லை. திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஜெனரல் கல்லன் வாயிலாக அரசை வற்புறுத்தினார். அதன் பயனாக 1859 ஜூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜா புதிய அறிக்கையை வெளியிட்டார். எம்மதத்தினராயினும் நாடார் மகளிர் குப்பாயம் அணியலாம். அல்லது மீனவ மகளிரைப் போல முரட்டுத் துணியை மார்பில் சுற்றிக் கட்டலாம். ஆனால் உயர்குலத்துப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்றது அவ்வறிக்கை. மறைக்கும் உரிமை கிடைத்தது. ஒப்பாகும் உரிமை அப்போதும் கிடைக்கவில்லை. மெல்லிய நேரியதற்கும் முரட்டுத் துணிக்கும் இடையே அரசாணை ஒரு கோடு கிழித்திருந்தது. அக்கோட்டை அழித்தது பின்னர் எழுந்த எந்த ஓர் ஆணையும் என்பதைவிட, அந்த ஆணைக்குப் பின் தத்தம் வீட்டு வாயிலைத் தாண்டித் தாம் விரும்பிய ஆடையில் நடந்துசென்ற பெண்களின் துணிவு என்பதே பொருந்தும்.

உடையால் மக்களைத் தரம்பிரித்தல் திருவிதாங்கூருக்கே உரிய குற்றமன்று. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசி 1574-இல், இன்ன நிலையினர் இன்ன துணியையே உடுத்தலாம் என ஆணையிட்டார். அத்தகைய சட்டங்கள் 1604-இல் நீக்கப்பட்டன. ஸ்காட்லாந்தில் 1746-இல் இயற்றிய சட்டம் மலைநாட்டாரின் கட்டமிட்ட உடையைத் தடைசெய்தது. 1782-இல் அத்தடை அகன்றது. இன்று ஸ்காட்லாந்து மணமகன் பெருமையோடு அணியும் திருமண உடை அன்று தடைசெய்யப்பட்ட அதே கட்டமிட்ட ஆடைதான். விலக்கப்பட்ட துணி மணக்கோலமாக உயர்வதை உலகம் பலமுறை கண்டிருக்கிறது.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில் ஆண்களின் உடைக்கும் இதுபோன்ற வரலாறு உண்டு. கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள சாமித்தோப்பில் வாழ்ந்து 1851-இல் மறைந்த அய்யா வைகுண்டர், தம் அடியார்கள் தலைப்பாகை கட்டி வழிபட வேண்டும் என்றார். தலையில் துணி கட்டுதல் உயர்ந்தோர்க்கே உரியது என்றிருந்த காலத்தில் அஃது ஓர் அறைகூவலாகும். நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்கானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, 1893-இல் வெள்ளுடை உடுத்து, தலைப்பாகை அணிந்து, தமக்கு விலக்கப்பட்ட பொதுவழியில் வில்வண்டி ஓட்டினார். 1890-களின் இறுதியில் அவரும் தோழர்களும் பாலராமபுரத்துச் சாலியர் தெரு வழியே சென்றபோது தடுக்கப்பட்டனர்; மோதல் மூண்டது. வெள்ளாடையைப் பாவு நீட்டிப் பதப்படுத்திய தெருவே வெள்ளாடை உடுத்து வந்தவனை மறித்தது என்பது நம் மனத்தை உறுத்தும் செய்தி. அயலூரிற் குடியேறி, அரசரின் ஆதரவு பெற்று வாழ்ந்த நம்மவர், அவ்வூர் எளியோர்க்குத் துணை நின்றனரா என்ற வினா இதனால் எழுகின்றது. வெளிமாநிலத்தில் வாழும் ஒவ்வொரு சமூகமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா அது.

1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் கலகம் நேர்ந்தது. புலையர் குலப் பெண்கள் கழுத்தில் கல்லும் கண்ணாடியும் கோத்த மாலைகளையே அணிதல் வேண்டும் என்றிருந்த வழக்கத்தை எதிர்த்தமையே அதன் காரணம். அவ்வாண்டு டிசம்பரில் கொல்லத்தில் அய்யன்காளி கூட்டிய மாபெரும் கூட்டத்தில் பெண்கள் அம்மாலைகளை அறுத்தெறிந்தனர். 1936 நவம்பர் 12-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவு அறிக்கையை வெளியிட்டார். அதனால் கோயிலில் மணம் புரியும் வாய்ப்பு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. அதற்கு இரண்டு திங்கள் கழித்து, 1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்து அய்யன்காளியைச் சந்தித்தார்.

மற்றொரு பெரியாரின் அறிவுரையும் இங்கு நினைக்கத்தக்கது. நெய்யாற்றின் கரையிலேயே, அருவிப்புறத்தில் 1888-இல் சிவலிங்கத்தை நிறுவிய ஸ்ரீநாராயண குரு, மணச் செலவால் குடும்பங்கள் கடனில் மூழ்குவதைக் கண்டு வருந்தினார். மிகச் சிலரே கூடி எளிய முறையில் மணம் நடத்த வேண்டும் என்றார். ஆடைக்காகப் போராடிய மக்கள், உரிமை கைவந்தபின் அதே ஆடைக்காகவும் நகைக்காகவும் கடன்படலாகாது என்பது அவர் உள்ளக் கிடக்கை. அவ்வறிவுரை நம் காலத்திற்கு இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

இவ்வரலாற்றை அறிந்தபின் முதற் கேள்விக்குத் திரும்புவோம். எல்லைப்புறத்து மணவீட்டிற்குச் செல்லும் விருந்தினர் என்ன உடுத்துவது? மணம் கோயிலில் நடைபெறுவதாயின் ஆடவர் வேட்டியும் மேல்துண்டும் கொண்டு செல்லுதல் நலம். திருவிதாங்கூர்க் கோயில்கள் பலவற்றில் சட்டையைக் களைந்தே உள்ளே செல்ல வேண்டும். பெண்கள் சேலை அல்லது முண்டும் நேரியதும் அணியலாம். அவ்வீட்டார் வெண்ணிறக் கசவு உடுத்தியிருப்பின், நம் வீட்டு முதியோர் அதனைக் கண்டு மனம் சுளிக்காதவாறு முன்னரே எடுத்துச் சொல்லி வைத்தல் வேண்டும். காஞ்சிபுரத்து வண்ணப் பட்டும் அங்கே அயலான பொருளன்று. எல்லையின் இருபுறத்து உறவினரும் கூடும் பந்தலில் அதுவும் இதுவும் கலந்தே விளங்கும். தேவாலயத்தில் நடைபெறும் மணமாயின் மணமகள் வெண்சேலை அணிவது வழக்கம். விருந்தினர் மணமகளின் கோலத்தோடு போட்டியிடாத ஆடையைத் தெரிந்தெடுத்தல் பண்பு. வேட்டியை மடித்துக் கட்டிய ஆடவர், முதியோரைக் கண்டதும் அதனை அவிழ்த்து விடுதல் இரு நாட்டிற்கும் பொதுவான மரியாதை. பந்தியில் அமர்வதற்கு முன்னும் அதனை மறவாதிருத்தல் நன்று.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. அந்தப் பந்தலில் எக்குலத்தவர் வீட்டுப் பெண்ணாயினும் கசவுக்கரையிட்ட நேரியதைத் தோளில் இட்டுக்கொண்டு பன்னீர் தெளித்து நம்மை வரவேற்பாள். யாரும் அவளைத் தடுப்பதில்லை. யாரும் அதனை வியப்பதும் இல்லை. அவ்வாறு வியப்பற்றுப் போனதே பெரிய வெற்றி. அந்தச் சீலைக்காக அவள் பாட்டியின் பாட்டி சந்தையில் அடிபட்டிருக்கலாம். அதனை நாம் அறிந்திருந்தால், ‘இவர்கள் ஏன் மங்கல நாளில் வெள்ளை உடுத்துகிறார்கள்?’ என்று கேட்க நா எழாது. அவர்கள் அளிக்கும் சந்தனத்தை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு, மணமக்களை மனமார வாழ்த்துவோம்.